வாடை முடிந்து இறக்கிய எஞ்சின் வேகம் எடுக்குதில்லை, காபரேற்றரை நானே கழற்றலாமா?

குருநகர்ப் பொடியன்:
அண்ணைமாருக்கு வணக்கம். அப்பாவின் 18 அடிப் பைபர் படகில் இருப்பது 15 குதிரைவலு ரூ ஸ்ரோக் எஞ்சின், பெற்றோலில் ஸ்ராட் பண்ணிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடுகிற ரகம். மார்கழி மழையோடு கழற்றிக் கொட்டிலில் நிமிர்த்தி வைத்தது இரண்டு மாதத்துக்கு மேல் அப்படியே கிடந்தது. போன கிழமை இறக்கினோம். இரண்டு இழுவையில் ஸ்ராட் ஆகிறது, சும்மா நிற்கும்போது ஒரு குறையும் இல்லை, ஆனால் கைபிடியை அரைக்கு மேல் திருப்பினால் மூச்சு முட்டினது போல இழுத்து இழுத்து நின்றுவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்துப் பிடித்தால் ஓடுகிறது, நேற்று அப்படியே பிடித்தபடிதான் மண்டைதீவுப் பக்கம் போய் வந்தோம். பிளக் மாற்றியும் பயனில்லை. கராஜில் காபரேற்றரை முழுதாக மாற்றச் சொல்கிறார்கள், அதற்கு இப்போது கையில் காசில்லை.

மயிலிட்டிக் கரை:
தம்பி, காபரேற்றரில் கை வைக்க முதல் தாங்கிப் பக்கத்தைப் பாரும். மூடியில் இருக்கிற காற்றுத் திருகைத் திறந்துதானே ஓடுகிறீர்? அதை மூடி வைத்திருந்தால் எண்ணெய் (பெற்றோலோ மண்ணெண்ணெயோ) போகப் போகத் தாங்கிக்குள் காற்று இல்லாமல் எஞ்சின் பட்டினி கிடக்கும். குழாய் நடுவில் கையால் அமுக்குகிற ரப்பர் உருண்டை சப்பிப்போய்க் கிடந்தால் அடைப்பு தாங்கிப் பக்கம்தான். எவ்வளவு அமுக்கியும் அது இறுகாவிட்டால் எங்கேயோ காற்று இழுக்கிறது, எஞ்சினில் மாட்டுகிற முனையில் இருக்கும் சின்ன ரப்பர் வளையத்தை முதலில் பாரும், உப்பில் அது வெடித்துவிடும். இன்னொன்று, எஞ்சின் விக்குகிற நேரம் ஒருவரைக் கொண்டு அந்த உருண்டையை அமுக்கிக்கொண்டே இருக்கச் சொல்லும். அப்போது வேகம் எடுத்தால் எண்ணெய் பம்பின் சவ்வு போயிருக்கலாம், அல்லது குழாயில் கோளாறு. எடுக்காவிட்டால்தான் காபரேற்றர்.

எஞ்சின் திருத்துகிறவன்:
மேலே சொன்னது சரி, ஆனால் சோக்கைப் பிடித்தபடி கடலுக்குப் போனேன் என்று படித்ததும் எனக்குத் திக்கென்றது. தயவுசெய்து இனி அப்படிப் போகாதீர்கள். இந்த ரக ரூ ஸ்ரோக்கில் மசகு ஒயில் தனியாகப் போவதில்லை, எண்ணெயோடு கலந்துதான் உள்ளே போகிறது, அதனால் ஜெற் (காபரேற்றருக்குள் எண்ணெய் போகிற சின்ன ஓட்டையுள்ள துண்டு) அடைத்து எண்ணெய் குறைந்தால் பிஸ்ரனுக்கு ஒயிலும் குறைகிறது, சூடும் ஏறுகிறது. சோக் காற்றை மறித்து எண்ணெயைக் கூட இழுக்க வைத்து ஓரளவு சமாளிக்கும், பாரத்தோடு கன நேரம் ஓட அது காணாது. பிஸ்ரன் அசையாமல் இறுகிப் பிடித்துவிட்டால் காபரேற்றர் விலை ஒன்றுமேயில்லை.

சும்மா நிற்கும்போது நன்றாக ஓடி, திருப்பினால் நின்று, சோக்கில் எழும்புகிறது என்றால் பெரும்பாலும் வேகத்துக்கு எண்ணெய் கொடுக்கிற மெயின் ஜெற்தான் அடைத்திருக்கும். கழற்ற முதல் கைத்தொலைபேசியில் நாலு படம் எடுத்து வையுங்கள். காபரேற்றரின் அடிக் கிண்ணத்தில் இருக்கிற சின்னத் திருகைத் திறந்து, வருவதை ஒரு வெள்ளைச் சோடாப் போத்தலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அடியில் முத்து முத்தாகத் தனியே நிற்கும். பிறகு கிண்ணத்தைக் கழற்றினால் நடுவில் பித்தளை ஜெற் தெரியும், அளவான ஸ்குரூ ட்ரைவரால் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தால் ஓட்டை வட்டமாகத் தெரியவேண்டும். ஊசி, கம்பி எதுவும் விடக்கூடாது, பித்தளை மெத்தென்றது, ஓட்டை பெருத்தால் எண்ணெய் கூடிப் புகை தள்ளும். நம்மிடம்தான் தங்கூசி (மீன்பிடிக்கிற நைலோன் நரம்பு) இருக்கிறதே, ஒரு துண்டு போதும். ஐட்ல் திருகை (சும்மா நிற்கும்போது ஓடுவதைச் சரிசெய்கிற திருகு) கழற்றுவதென்றால் முதலில் அதை மெல்ல உள்ளே இறுக்கி எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள், திருப்பிப் பூட்டும்போது அதே சுற்று. கடைசியாக ஒரு கேள்வி: கரையேற்றின அன்று எதில் ஓடி நிற்பாட்டினீர்கள்?

குருநகர்ப் பொடியன்:
உருண்டையை அமுக்கிப் பார்த்தோம், மாற்றமில்லை. அன்று மழை பிடித்துவிட்டதால் மண்ணெண்ணெயிலேயே நிற்பாட்டினதாக அப்பா சொல்கிறார்.

பருத்தித்துறை ஐயா:
அதுதான் தம்பி. கரைக்கு வர முதலே பெற்றோலுக்கு மாற்றி இரண்டு மூன்று நிமிடம் ஓட வேண்டும், கிண்ணத்தில் கிடக்கிற மண்ணெண்ணெய் தீர. இல்லாவிட்டால் அடுத்தநாள் குளிர் எஞ்சின் ஸ்ராட் ஆகாது, மாதக்கணக்கில் விட்டால் பிசின் படியும். 2022 ஆவணியில் மண்ணெண்ணெயை லீற்றர் 87 ரூபாயில் இருந்து 340க்கு ஏற்றினார்களே, அதற்குப் பிறகு ஒரு சொட்டும் வீணாக்க மனம் வருவதில்லை, அது எனக்கும் தெரியும், ஆனாலும் இந்த இரண்டு நிமிடப் பெற்றோலை மிச்சம் பிடிக்க வேண்டாம். சீசன் முடிந்து வைக்கும்போது பீப்பாயில் நல்ல தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, குழாயைக் கழற்றி எண்ணெய் தீர்ந்து தானே நிற்கட்டும்.

எஞ்சின் திருத்துகிறவன்:
ஐயா, தானாக நின்ற பிறகும் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிஞ்சும். நான் திறந்து பார்த்த கிண்ணங்களில் பச்சை பிடித்திருந்தது அந்த மிச்சத்தால்தான். அடித் திருகையும் திறந்து வடித்துவிட்டு வைப்பதே நல்லது.

குருநகர்ப் பொடியன்:
இன்று காலை கழற்றினேன். போத்தலில் இரண்டு விரல் அளவு வந்தது, அடியில் தண்ணீர் முத்துக்கள் அப்படியே தெரிந்தன. கிண்ணத்தில் உப்புப் போல வெள்ளைத் தூள். மெயின் ஜெற்றில் பாதி ஓட்டைதான் தெரிந்தது, பெற்றோலில் ஊறவைத்துத் தங்கூசி விட்டதும் ஒரு மண்ணிறத் துகள் வந்து விழுந்தது. இப்போது சிக்கல் கிண்ணத்தின் ரப்பர் வளையம், ஊதிப் பெருத்துத் தவாளிப்புக்குள் இருக்குதில்லை. சிலிக்கன் பூசிப் பூட்டலாமா?

எஞ்சின் திருத்துகிறவன்:
சிலிக்கன் வேண்டவே வேண்டாம், எண்ணெயில் ஊதிப் பிய்ந்து துண்டு துண்டாக அதே ஜெற்றுக்குத்தான் போகும். வளையத்தைத் துடைத்து ஒரு இரவு காற்றில் காயவிடுங்கள், ஊதின ரப்பர் சுருங்கி வரும். வெடிப்பு இருந்தால் மட்டும் புதிது வாங்குங்கள். தாங்கியையும் கவிழ்த்துக் கழுவிவிட்டுப் பூட்டுங்கள், தண்ணீர் அங்கேயிருந்துதான் வந்திருக்கும். பூட்டியதும் முதலில் பீப்பாயில் ஓட்டி எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள், பிறகு கரையோரமாக, சோக் இல்லாமல்.