கலைச்சொல் உதவி: தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் கைத்துப்பாக்கிக்கு என்ன பெயர்?

மொழிபெயர்ப்பாளர், திருச்சி (திங்கள் காலை)

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

படைக்கல வரலாற்று நூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதன் ஏழாம் இயலை வெள்ளிக்கிழமைக்குள் பதிப்பகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 0.45 அங்குலக் கைத்துப்பாக்கிகள் இரண்டில் எதைத் தன் படைவீரர்களுக்குக் கொடுப்பது என்று அமெரிக்கத் தரைப்படை 1907 முதல் 1911 வரை சோதித்துப் பார்த்த கதைதான் அந்த இயல் முழுவதும். ஒன்று ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட். மற்றொன்று எல்பர்ட் சியர்ல் வடிவமைத்த சாவேஜ்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் அமெரிக்கரை எதிர்த்துப் போரிட்ட மோரோ இன வீரர்கள் 0.38 அங்குல ரிவால்வரால் சுடப்பட்ட பிறகும் நிற்காமல் பாய்ந்து வந்தார்கள் என்ற முறையீடு எழுந்தது. அதையொட்டி 1904இல் தாம்சன், லகார்ட் என்னும் இரு அதிகாரிகள் சிகாகோவின் கால்நடைத் தொழுவங்களில் மாடுகளைச் சுட்டுச் சோதித்து, படைக்கான கைத்துப்பாக்கி 0.45 அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தார்கள். பெரிய குண்டு வேண்டும் என்பது அங்கேயே முடிவாகிவிட்டது. அதைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கியில் எது நம்பத் தக்கது என்பதே எஞ்சிய கேள்வி.

எனக்குச் சிக்கல் இரண்டு சொற்களில். 'செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல்' என்பதற்கு 'அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் அதன் ஓரத்தில் "மறுபாதியை யார் இயக்குவது?" என்று பென்சிலால் எழுதி அனுப்பிவிட்டார். நியாயமான கேள்வியாகப் படுகிறது. இரண்டாவது சொல் 'காலிபர்'. குழல்விட்டம் என்று வைத்திருக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

இயற்பியல் ஆசிரியர், ஈரோடு (திங்கள் மாலை)

அம்மா, 'அரைத்தானியங்கி'யைக் கைவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 'செமி' என்ற முன்னொட்டுக்குத் தமிழில் ஏற்கெனவே இரண்டு வழிகள் பழகிவிட்டன. அரைவட்டம், அரையிறுதி என்பது ஒரு வழி. பள்ளிப் பாடநூலில் உள்ள குறைகடத்தி மற்றொரு வழி. குறைகடத்தி என்றால் பாதி மின்சாரத்தைக் கடத்துவது என்று எந்த மாணவரும் எழுதியதில்லை. ஒரு சொல் முழு விளக்கமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு கருத்துக்கு ஒட்டிய அடையாளமாக இருந்தால் போதும். அரைத்தானியங்கி கடுமையாகத் தோன்றினால் 'குறைதானியங்கி' என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே முன்னொட்டுக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு சொல் ஆக்கினால், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள்தாம் அல்லற்படுவார்கள்.

'குழல்விட்டம்' பற்றி ஒரு திருத்தம். குழலுக்கு வெளிவிட்டம் ஒன்று, உள்விட்டம் ஒன்று. 0.45 அங்குலம், அதாவது 11.43 மில்லிமீட்டர், உள்ளே குண்டு செல்லும் துளையின் அளவு. பட்டறையில் அளவுகோலைப் பிடித்த எவருக்கும் 'உள்விட்டம்' என்றால் உடனே விளங்கும். அதையே பரிந்துரைக்கிறேன்.

முன்னாள் படைவீரர், வேலூர் (செவ்வாய்)

வணக்கம். நான் இலக்கணம் படித்தவன் அல்லன். இருபது ஆண்டுகள் துப்பாக்கி பிடித்தவன். ஆகவே அந்தக் கருவி கைக்குள் என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தோட்டாக்கள் அடங்கிய மேகசினைக் கைப்பிடிக்குள் செருகுகிறோம். மேலே உள்ள ஸ்லைடை ஒரு முறை பின்னுக்கு இழுத்து விடுகிறோம். அது சுருள்வில்லின் வேகத்தில் முன்னால் வரும்போது முதல் தோட்டாவை அறைக்குள் தள்ளிவிடுகிறது. நம் கை செய்யும் வேலை அத்துடன் முடிந்தது. விசையை அழுத்தினால் ஒரு குண்டு வெளியேறும். அந்த உதைப்பிலேயே ஸ்லைடு பின்னுக்குப் போய், வெற்றுக் கூட்டை வலப்பக்கம் எறிந்துவிட்டு, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு முன்னுக்கு வந்து நிற்கும். விரலை விட்டு மறுபடி அழுத்தினால்தான் அடுத்த குண்டு. ஆகவே இதில் பாதி என்று எதுவும் இல்லை. ஏற்றுவது முழுக்க அதன் வேலை, சுடுவது முழுக்க நம் வேலை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எங்களுக்குக் கொடுத்த 7.62 மில்லிமீட்டர் ராய்பிளை எஸ்.எல்.ஆர். என்போம், 'செல்ஃப் லோடிங் ராய்பிள்' என்பதன் சுருக்கம் அது. ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்த 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியின் பெயரோ 'பிஸ்டல் ஆட்டோ 1ஏ'. இரண்டும் அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான் சுடும். ஒரே கிடங்கில், ஒரே வேலையைச் செய்யும் இரண்டுக்கு ஒன்றில் ஆட்டோ, மற்றொன்றில் செல்ஃப் லோடிங். எது சரியான விவரம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். 'தன்னிரப்புக் கைத்துப்பாக்கி' என்று வைத்தால் எங்கள் ஊர்க் காவலர் முதல் எல்லாருக்கும் புரியும்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை (செவ்வாய் இரவு)

வேலூர் நண்பரின் விளக்கம் பேராசிரியர் எவராலும் தர முடியாதது. அவருக்கு என் நன்றி. ஆனால் அவர் தந்த சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை.

'தன்னிரப்பு' என்பதைத் தன் + நிரப்பு என்று அவர் பிரிக்கிறார். தன் + இரப்பு என்றும் அது பிரியும். இரப்பு பிச்சை கேட்டல். சரி, அவர் கருதியபடியே பிரித்தாலும், "கொன்றது போலும் நிரப்பு" என்று வள்ளுவர் பாடும் நிரப்பு வறுமையே அல்லவா? எப்பக்கம் பிரித்தாலும் இல்லாமையைச் சொல்லும் ஒரு சொல்லைத் தோட்டா நிறைந்த கருவிக்குச் சூட்டுவது என் மனத்துக்கு ஒவ்வவில்லை.

நண்பரே தம் மடலில் திரும்பத் திரும்ப ஆண்டிருக்கும் வினையைப் பாருங்கள்: ஏற்றுதல். துப்பாக்கியில் தோட்டா ஏற்றுகிறோம். அதற்கும் முன்பே நம் முன்னோர் வில்லில் நாண் ஏற்றினார்கள். நாணேற்றி என்பதன் அருகில் 'தானேற்றி' எத்துணை இயல்பாக நிற்கிறது! தானியங்கி என்பதன் அமைப்பும் இதுவே. இயங்கு என்ற வினைக்கு மாறாக ஏற்று என்ற வினை வருகிறது, அவ்வளவே. 'தானேற்றிக் கைத்துப்பாக்கி' என்று எழுதுங்கள்.

துப்பாக்கி என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது துருக்கிய 'துஃபெக்' வழியாக வந்ததென்பர். துப்பு என்றால் வலிமை. வலிமையை ஆக்குவது துப்பாக்கி என்று கொள்ள நம் மொழியிலேயே இடமிருக்கிறது. பிஸ்டலுக்கோ, செக் மொழியில் குழல் என்னும் பொருளுடைய 'பீஷ்டலா' மூலம் என்கிறார்கள். அவர்கள் குழலிலிருந்து பெயர் வைத்தார்கள் என்றால் நாமும் வைக்கலாம். துளையுடைய குழாய்க்குப் 'புழை' என்பது பழஞ்சொல். யானையின் துதிக்கையைப் புழைக்கை என்றார்கள். கைப்புழை என்பது பிஸ்டலுக்கும், புழைவிட்டம் என்பது காலிபருக்கும் பொருந்தும். ஒரே வேரிலிருந்து இரண்டு கலைச்சொற்கள் கிடைக்கின்றன.

பத்திரிகையாளர், யாழ்ப்பாணம் (புதன்)

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். துப்பு + ஆக்கி என்ற பகுப்பு இனிக்கிறது. ஆனால் துருக்கி முதல் தெலுங்கு வரை வழிநெடுக அதே ஒலியோடு அந்தச் சொல் நின்றுகொண்டிருக்கும்போது, அதைத் தமிழ் வேர் என்று நான் செய்தியில் எழுத மாட்டேன். வேற்றுச்சொல் வேண்டாம் என்பவர்களுக்கு எங்கள் பக்கத்தில் சுடுகலன் என்ற சொல் இருக்கிறது. வினைத்தொகை, கேட்டவுடன் புரியும், பழக்கத்திலும் இருந்தது. தோட்டாவை நாங்கள் ரவை என்போம். அது அடங்கிய பெட்டி ரவைக்கூடு. வேலூர் அண்ணர் மேகசின் என்று எழுதிய இடத்தில் ரவைக்கூடு என்று எழுதிப் பாருங்கள், எவ்வளவு தெளிவாக இருக்கிறது! தமிழ்நாட்டு வாசகருக்கு ரவை என்றதும் உப்புமாதான் நினைவுக்கு வரும் என்பதையும் அறிவேன். எனவே வற்புறுத்தவில்லை.

கைப்புழையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு வாசகரையும் அது சென்றடையாது.

வழக்கறிஞர், சேலம் (புதன்)

சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு குறிப்பு. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், தடைசெய்யப்பட்ட படைக்கலத்தை வரையறுக்கும்போது 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லை நம்பி நிற்கவில்லை. விசையை அழுத்தினால், அழுத்தத்தை எடுக்கும் வரையிலோ மேகசின் காலியாகும் வரையிலோ தொடர்ந்து சுடும் துப்பாக்கி என்று செயலை வைத்தே சொல்கிறது. தானியங்கி என்ற பெயரைப் பிஸ்டலுக்குச் சூட்டினால், இந்த வரையறைக்குள் வராத ஒன்றை வருவதாக வாசகர் நினைத்துவிடக்கூடும். 'அரை' என்று முன்னால் சேர்ப்பது அந்தக் குழப்பத்தைக் குறைக்குமே தவிர நீக்காது. தானேற்றி என்றால் குழப்பமே எழவில்லை.

காலிபருக்கு நம் ஊர்ப் பேச்சு வழக்கான 'போர்' என்ற ஆங்கிலச் சொல்லை எவரும் முன்மொழிய வேண்டாம். பன்னிரண்டு போர் என்பது, குழலில் சரியாகப் பொருந்தும் ஈயக்குண்டு பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்ற கணக்கு. அதில் எண் கூடினால் துளை சிறுக்கும். காலிபரில் எண் கூடினால் துளை பெருக்கும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் போகும் அளவுகள்.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி (வியாழன்)

அனைவருக்கும் நன்றி. நேற்றிரவு அரைத்தானியங்கி, தன்னிரப்பு, தானேற்றி ஆகிய மூன்று சொற்களையும் இயலின் மிக முக்கியமான பத்தியில் வைத்து வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். அந்தப் பத்தியின் செய்தி இதுதான்: 1911 மார்ச்சு மாதத்தில் இரண்டு துப்பாக்கிகளும் தலா 6000 தோட்டாக்கள் சுட்டன. நூறு சுட்டதும் சற்று ஆறவிடுவார்கள். ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் இடுவார்கள். கோல்ட் ஒரு முறைகூட மக்கர் செய்யவில்லை. சாவேஜோ 37 முறை செய்தது. மார்ச்சு 29ஆம் நாள் கோல்ட் படையில் ஏற்கப்பட்டது.

இங்கே அரைத்தானியங்கி என்று படிக்கும்போது, 6000 முறை என்ற எண்ணின் கனம் மனத்தில் ஏறவே இல்லை. தானேற்றி என்று படித்தபோது, தன் மேல் சுமத்திய ஒரே வேலையை 6000 முறையும் தவறாமல் செய்த கருவி கண்முன் வந்தது. போட்டியே அந்த வேலையைப் பற்றியதுதான் என்பதால், பெயரும் அந்த வேலையைச் சொல்ல வேண்டும் என்ற பக்கம் சாய்கிறேன். சாவேஜின் குழல், சுடும்போது அச்சில் சற்றுத் திரும்பும். கோல்டின் குழல் பின்புறம் தாழ்ந்து ஸ்லைடிலிருந்து விடுபடும். இரண்டும் வெவ்வேறு வழியில் தானேற்றிகள் என்று எழுதும்போது வாக்கியம் தானாக அமைந்தது.

ஆனால் மூல நூலில் ஒரு முள் இருக்கிறது. அமெரிக்கப் படை அந்தத் துப்பாக்கிக்கு வைத்த முறையான பெயரிலேயே 'ஆட்டோமேட்டிக்' என்றுதான் உள்ளது. செமி என்பதே இல்லை. அந்தப் பெயர் வரும் இடங்களில் மட்டும் 'ஆட்டோமேட்டிக் பிஸ்டல், 1911 மாதிரி' என்று ஒலிபெயர்த்து, முதல் இடத்தில் விளக்கம் சேர்க்கிறேன்.

இன்னொரு சொல்லுக்கும் வழி சொல்லுங்கள். 'மக்கர்' அச்சேறாது. "37 முறை பிழைத்தது" என்று எழுதியிருந்தேன். மெய்ப்புத் திருத்துபவர் "உயிர் பிழைத்ததா?" என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை (வியாழன்)

"யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது" என்ற குறளைப் படித்தவர் அப்படிக் கேட்க மாட்டார். அங்கே பிழைத்தது யானை அன்று, குறி தவறியது வேல். ஆயினும் இன்றைய வாசகருக்குப் பிழைத்தல் என்பது வாழ்தலே ஆகிவிட்டது என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன். 'இடறியது' என்று எழுதுங்கள். நடந்துகொண்டே இருந்த ஒன்று இடையில் தடுக்கி நிற்பது இடறல். கைப்புழையை நான் திரும்பப் பெறுகிறேன், புழைவிட்டத்தை அன்று.

இயற்பியல் ஆசிரியர், ஈரோடு (வெள்ளி காலை)

இடறியது மிக நன்று. தானேற்றி பற்றிய என் மறுப்பு நீடிக்கிறது. நாளை இதே நூலாசிரியர் செமி ஆட்டோமேட்டிக் சலவை இயந்திரத்தைப் பற்றி எழுதினால் அங்கே எதை ஏற்றுவீர்கள்? தறி, கடைசல் எந்திரம் என எத்தனையோ கருவிகளுக்கு இந்த அடைமொழி வருகிறது. துப்பாக்கிக்கு மட்டும் தனிச்சொல் ஆக்கினால், அந்தச் சொற்களுக்கும் இதற்கும் உள்ள உறவு தமிழில் அறுந்துவிடும். என் மாணவர்களுக்கு நான் அரைத்தானியங்கி என்றே சொல்லிக்கொடுப்பேன். உள்விட்டமாவது ஏற்கப்பட்டால் மகிழ்ச்சி.

மொழிபெயர்ப்பாளர், திருச்சி (வெள்ளி மாலை)

ஆசிரியர் ஐயா, சலவை இயந்திரத்துக்கு அரைத்தானியங்கிதான் சரி. அங்கே ஒரு தொட்டியிலிருந்து மற்றொன்றுக்குத் துணியை நம் கையால் மாற்றுகிறோம், பாதி வேலை உண்மையிலேயே நம்முடையது. உங்கள் மறுப்பின் நியாயத்தை மறைக்காமல், சொல்லடைவில் தானேற்றிக்கு எதிரே 'அரைத்தானியங்கி எனவும் வழங்கும்' என்று சேர்த்திருக்கிறேன்.

தானேற்றிக்கு நால்வர் இசைந்தார்கள். தன் சொல்லை விட்டுக்கொடுத்த வேலூர் ஐயாவும் அவர்களில் ஒருவர். காலிபர் உள்விட்டம் ஆயிற்று. 'லார்ஜ் காலிபர்' பெருவிட்டம் ஆயிற்று. இயலின் தலைப்பு 'இரண்டு பெருவிட்டத் தானேற்றிகள்'. பிற்பகல் மூன்று மணிக்குக் கோப்பை அனுப்பிவிட்டேன்.

முன்னாள் படைவீரர், வேலூர் (வெள்ளி இரவு)

அம்மா, தலைப்பைப் படித்தேன். 'கைத்துப்பாக்கி' என்பதை அதிலிருந்து எடுத்துவிட்டீர்கள். பெருவிட்டத் தானேற்றி என்று மட்டும் கண்டால், நான் மண் அள்ளும் எந்திரம் என்று நினைத்திருப்பேன். அச்சுக்குப் போகுமுன் அந்த ஒரு சொல்லைச் சேர்க்க முடியுமா என்று பதிப்பகத்தாரிடம் கேட்டுப் பாருங்கள்.