கடல் பார்க்கப் போய் மனசை உறுத்திய அனுபவம் உண்டா? பகிருங்கள்

உப்புக்காற்று:
தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அலையாத்திக் காட்டுக்குள் சுற்றிவிட்டு வெளியே வந்தோம். இடுப்பளவுத் தண்ணீர்தான். படகோட்டி அண்ணன் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கம்பு ஊன்றினார். கீழே முழுக்கக் கடல்தாழை, கடலடியில் வளரும் புல், நாடா நாடாவாக ஆடிக்கொண்டிருந்தது. அதன் நடுவே கோடு இழுத்தமாதிரி வெறும் மணல். "இன்ஜின் விசிறி வெட்டுன தடம் தம்பி" என்றார். யார் படகு என்று கேட்டேன். கம்பை இரண்டு தடவை ஊன்றித் தள்ளிய பிறகுதான் சொன்னார்: "நம்மளுதுதான். போன பொங்கலுக்கு வந்தவங்க வேகமா போகச் சொன்னாங்க." ஒரு வருஷம் ஆகியும் அந்த இடம் மூடவில்லை.

புத்தளத்தான்:
இலங்கையில் எங்கட கல்பிட்டி டொல்பின் பயணம் எல்லாருக்கும் தெரிந்ததுதானே. விடிய வெளிக்கிட்டு ஒரு மணித்தியாலத்தில் கூட்டத்தைக் கண்டோம். அதற்குள் பத்துப் பன்னிரண்டு படகுகள் சுற்றி வளைத்துவிட்டன. ஒரு குட்டி, தாயின் விலாவோடு ஒட்டியபடி, எங்கட படகுக்கும் அடுத்த படகுக்கும் இடையில் மாட்டிக்கொண்டது. தாய் இரண்டு தடவை திரும்பித் திரும்பிப் பார்த்தே வழி எடுத்தது. இந்தச் சுழல் டொல்பின்கள் இரவில் வேட்டையாடிவிட்டுப் பகலில்தான் இளைப்பாறும் என்று பிறகுதான் அறிந்தேன். "இன்னும் கிட்டப் போங்கோ" என்று ஓட்டியிடம் சொன்னது நான்.

மணல்மேல்குடி மகள்:
உப்புக்காற்று, அந்த அண்ணனைக் குற்றவாளி மாதிரி எழுதியிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வேகம் கேட்டது யார்? எங்கள் அப்பா வலையில் ஒருமுறை ஆவுளியா, அதுதான் கடல்பசு, மாட்டியது. கத்தியை எடுத்து வலையை அறுத்துத்தான் விட்டார். புது வலை. 2022-இல் எங்கள் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு காப்பகமாக அறிவிப்பதற்கு ரொம்ப வருஷம் முன்னால் நடந்தது அது. நீங்கள் பார்த்த அந்தத் தாழையைத்தான் ஆவுளியா மேயும், தெரியுமல்லவா?

போகிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். நீர் வற்றும் நேரத்தில் இன்ஜின் படகு கேட்காதீர்கள், கம்பு ஊன்றும் வள்ளமே போதும். படகிலிருந்து இறங்கித் தாழையை மிதிக்காதீர்கள். நட்சத்திர மீனைப் படம் எடுப்பதற்காக வெளியே தூக்காதீர்கள். சாப்பாட்டை ஊர்ப் பெண்கள் சமைக்கும் இடத்தில் சாப்பிடுங்கள், தொண்டிப் பக்கம் காரங்காட்டில் அப்படித்தான், நண்டு சூப்பே தனி ருசி. அந்தக் காசு ஊருக்குள் நின்றால்தான் படகுக்காரர் "வேகமா போக முடியாது சார்" என்று தைரியமாகச் சொல்வார். அப்புறம், பேரம் பேசாதீர்கள். டீசல் விலை உங்களுக்கே தெரியும்.

உப்புக்காற்று:
குற்றம் சொல்லவில்லை அக்கா. அவர் மறைக்காமல் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது.

நள்ளிரவு நடை:
சென்னையில் ஆமை நடை, அதாவது முட்டையிட வரும் ஆமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பது, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை. மாணவர்கள் 1988-லிருந்து நடத்துவது. டார்ச் அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். மூன்று மணி இருக்கும், ஒரு பங்குனி ஆமை கரையேறி வந்தது. மூச்சு விடும் சத்தம்கூடக் கேட்டது. என் பக்கத்தில் நின்றவரின் போனில் ஃபிளாஷ் மின்னியது. ஆமை அப்படியே நின்றது. பிறகு குழி தோண்டாமலே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது. மணலில் ஏறின தடமும் இறங்கின தடமும் வளைந்து லாடம் மாதிரிக் கிடந்தன. நடுவில் முட்டை இல்லை.