கார் பூட்டில் மீன் தண்ணீர், பின் சீட்டில் சாம்பார்: காரைச் சுத்தம் செய்யும் குரூமிங் கடைக்கா, நாமே பார்ப்பதா?

உட்லண்ட்ஸ்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டில் மீன் வாங்கி கார் பூட்டில் (பின்னால் சாமான் வைக்கிற இடம்) வைத்துக்கொண்டு வந்தோம். பையில் எங்கோ ஓட்டை, ஐஸ் உருகின தண்ணீர் மொத்தமும் கம்பளத்தில் இறங்கிவிட்டது. அது போதாதென்று பின் சீட்டில் சாம்பார் டப்பாவும் சரிந்து, சாம்பல் நிறத் துணியில் ஒரு பெரிய மஞ்சள் திட்டு. மேலே துடைத்து, வாசனை டப்பா ஒன்றும் மாட்டியாயிற்று, இப்போது மல்லிகையும் மீனும் சேர்ந்தே வருகிறது. வண்டி அடுக்குமாடி கார்பார்க்கில் நடுத்தளத்தில் நிற்பதால் வெயில் படாது. மனைவி சமையல் சோடாவைத் தூவி வைக்கச் சொல்கிறார், அம்மா வினிகர் என்கிறார். இரண்டையும் கலந்து அடித்தால் என்ன? டொயோட்டா ஹைபிரிட், துணி சீட்.

ராத்திரி டிரிப்:
கலக்காதீர்கள் தம்பி. நுரை பொங்குவதைப் பார்த்து அழுக்கு கிளம்புகிறது என்று நினைப்போம், உண்மையில் சோடாவும் வினிகரும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டு மிஞ்சுவது உப்புத் தண்ணீர். இந்த விஷயத்தில் நான் அம்மா கட்சி. மீன் நாற்றம் அமீன் என்ற காரப் பொருளிலிருந்து (மிளகாய்க் காரம் இல்லை, அமிலத்துக்கு எதிரானது) வருகிறது, புளிப்பு பட்டால்தான் அது ஆவியாகாமல் அடங்கும். மீனைப் புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாறிலோ அலசுகிறோமே, அதே கணக்குதான். கெட்டுப்போன பால், வாந்தி மாதிரி புளித்த நாற்றத்துக்கு சோடா சரி, மீனுக்கு இல்லை.

ஆனால் வினிகரை எடுப்பதற்கு முன் பூட் தரையை முழுசாகத் தூக்குங்கள். கம்பளம், அதன் அடியில் பலகை, அதற்கும் அடியில் ஸ்பேர் டயரோ பங்க்சர் கிட்டோ வைக்கிற குழி. தண்ணீர் பள்ளம் பார்த்துத்தான் போயிருக்கும், நீங்கள் துடைத்தது மேல்மாடியை மட்டும். குழியில் தேங்கியதை ஒற்றி எடுத்து, ஒரு பங்கு வெள்ளை வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, கொஞ்ச நேரம் விட்டு, வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். தகரம் தெரிகிற இடத்தில் வினிகரை அப்படியே விட்டுவைக்க வேண்டாம். கம்பளம் கழன்று வரும் வகையாக இருந்தால் வீட்டுக்கே கொண்டுபோய் அலசுவதுதான் உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. டொயோட்டா ஹைபிரிட் பலவற்றில் பின் சீட்டுக்குப் பக்கத்திலோ அடியிலோ ஒரு காற்று வழி இருக்கும், பெரிய பேட்டரியைக் குளிர்விக்கிற காற்று அதன் வழியாகத்தான் போகிறது. சில மாடல்களில் 12 வோல்ட் பேட்டரியும் பூட்டில்தான் இருக்கும். அங்கெல்லாம் ஸ்பிரே அடிக்காதீர்கள், ஈரத்துணி போதும். நான் வாடகைக் கார் ஓட்டுகிறவன், டுரியான் மூட்டையோடு ஏறுகிற பயணிகளையெல்லாம் பார்த்தாயிற்று, மீன் தண்ணீர் அதைவிட சுலபம்.

மஞ்சள்தூள்:
சாம்பார் கறைக்கு நான் வருகிறேன். தயவுசெய்து அதன் மேல் சோடாவோ துணி துவைக்கிற சோப்போ போட்டுவிடாதீர்கள். மஞ்சள் காரத்தில் சிவப்பாக மாறும், ஆரத்தித் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதுதான். சீட்டில் சிவப்புத் திட்டைப் பார்த்துப் பதறி இன்னும் தேய்ப்பீர்கள், அது நுரைப்பஞ்சு வரை இறங்கிவிடும்.

காய்ந்த பருப்பை முதலில் பழைய ஏடிஎம் அட்டையால் சுரண்டி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு போட்ட தண்ணீரால் எண்ணெயை எடுக்க வேண்டும். தேய்க்காமல் ஓரத்திலிருந்து நடுவாக ஒற்றுங்கள். மஞ்சள் அப்போதும் கொஞ்சம் நிற்கும். அதற்கு மருந்து வெயில்தான், வேட்டி புடவைக்குச் செய்வது போலவே. கார்பார்க் மேல் தளத்துக்கு ஏற்றி, கதவைத் திறந்து அந்த இடத்தில் நேராக வெயில் விழும்படி நிறுத்துங்கள். கண்ணாடி வழியாக வரும் வெயிலுக்கு அவ்வளவு வீரியம் கிடையாது, ஃபிலிம் ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். ஒரே நாளில் போகாது, ஆனால் போகும்.

சின்மிங்கார்:
மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் யாரும் காயவைப்பதைப் பற்றிப் பேசவில்லையே. இந்த ஊரில் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியே 80 விழுக்காட்டுக்கு மேல். மூடின காரில் ஈர நுரைப்பஞ்சு இருந்தால் மீன் நாற்றம் போய்ப் பூஞ்சை நாற்றம் வரும், அது இன்னும் பிடிவாதம். குறைவாக நனையுங்கள், நனைத்ததை வெட் வேக்கத்தால் (தண்ணீரையும் இழுக்கிற வேக்கம்) உறிஞ்சுங்கள், அப்புறம் ஏர்கானை உள்காற்றுச் சுழற்சியில் வைத்து ஒரு நல்ல தூரம் ஓட்டுங்கள். ஏர்கான் ஈரத்தை இழுத்து வெளியே சொட்டவிடும்.

சீட் கம்பளம் எல்லாம் ஊறிப்போயிருந்தால்தான் கடை. சின் மிங், காக்கி புக்கிட் பக்கம் நிறைய குரூமிங் கடைகள் இருக்கின்றன. விலையைக் கேட்பதற்கு முன்பு இரண்டு கேள்வி கேளுங்கள்: சீட்டைக் கழற்றுவீர்களா, காய எத்தனை மணி நேரம் வைப்பீர்கள்? காலையில் கொடுத்து மதியமே எடுத்துக்கொள்ளலாம் என்றால் எனக்கு நம்பிக்கை வராது. நீங்களே முன் சீட்டைக் கழற்றலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள், அடியில் இருக்கும் மஞ்சள் நிற கனெக்டர்கள் ஏர்பேக் சம்பந்தப்பட்டவை. ஓபியு (சாலைக் கட்டணம் எடுக்கிற புதுக் கருவி) மாட்டியாயிற்று என்றால் அதன் பெட்டி பெரும்பாலும் முன் பயணி கால் வைக்கிற இடத்தில் இருக்கும், கம்பளத்தை ஷாம்பு போடுகிறவரிடம் அதையும் சொல்லிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
நன்றி அண்ணன்மாரே, அக்கா. தரையைத் தூக்கிப் பார்த்தேன், குழியில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, கூடவே நாலைந்து செதில். வினிகர் போட்டுத் துடைத்ததில் பூட் சரியாகிவிட்டது. ஆனால் ஏர்கான் போட்ட முதல் சில நிமிடம் மட்டும் லேசாக அடிக்கிறது. ஈரம் உறிஞ்சுகிற அந்த நீர்யானை பிராண்ட் டப்பாவை வாங்கி உள்ளே வைக்கலாமா?

ராத்திரி டிரிப்:
அது கேபின் ஃபில்டராக (ஏர்கான் காற்றை வடிகட்டுகிறது) இருக்கலாம். பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும், பெட்டியைக் கழற்றினால் கையாலேயே மாற்றலாம். பழையதைத் தட்டித் திரும்பப் போடாதீர்கள், புதிது வாங்குங்கள். இனிமேல் வீடு வருவதற்குச் சற்று முன்பு ஏசி பட்டனை மட்டும் அணைத்து விசிறியை ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. அந்த டப்பா அலமாரிக்கு நல்லது, ஓடுகிற வண்டிக்கு ஆகாது. உள்ளே சேருவது கால்சியம் குளோரைடு கரைசல். ஒரு ஹம்ப்பில் (வேகத்தடையில்) கவிழ்ந்தால் கம்பளம் காயவே காயாது, தகரமும் துருப்பிடிக்கும். நிறுத்தியிருக்கும்போது வைத்து, கிளம்பும்போது மறக்காமல் எடுக்க முடியுமென்றால் வையுங்கள்.