புதுப்பிப்பு: சுருள் முடிக்கு ஏற்ற முடிதிருத்துநர்

சென்னையில் சுருள் முடியை நன்கு வெட்டத் தெரிந்தவரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடியே, விலைப்பட்டியலைவிட முடிதிருத்துநர்கள் கேட்கும் கேள்விகளைக் கவனித்து, மயிலாப்பூரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். கத்தரியை எடுக்கும் முன்பே, தலைக்குக் குளிப்பது போர்வெல் தண்ணீரிலா, இதற்கு முன் ஸ்ட்ரெயிட்டனிங் செய்ததுண்டா என்று அவர் விசாரித்தார். ஈரத்தில் நீண்டு தெரியும் சுருள் காய்ந்ததும் மேலேறிவிடும் என்பதால், உலர்ந்த நிலையிலேயே பெரும்பகுதியை வெட்டியதோடு, நம் ஊர்ப் புழுக்கத்தில் முடி உப்பும் என்பதையும் கணக்கில் கொண்டு, கேட்டதைவிடச் சற்று நீளமாகவே விட்டார். அன்றே சாயமும் பூசச் சொன்னபோது, காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்த பிறகே பூசுவேன் என்று மறுத்ததுதான் எனக்கு முழு நம்பிக்கையைத் தந்தது. கருஞ்சாயங்கள் பலவற்றில் உள்ள பிபிடி (PPD) என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இவ்வளவு பொறுமையை எதிர்பார்க்க இயலாது; வார நாளில் செல்லுங்கள்.