எந்தக் காதலிக்க நேரமில்லை?

செந்தூல் வீடு (குழு)
வியாழக்கிழமை

இரவு 8.12

பிரியா: எல்லாருக்கும் வணக்கம். சனிக்கிழமை தாத்தா பாட்டி கல்யாண நாள் விழாவில் பாட்டுப் போட வரும் தம்பி பட்டியல் அனுப்பியிருக்கிறார். பெரியப்பா கேட்டபடி காதலிக்க நேரமில்லை பாட்டெல்லாம் சேர்த்துவிட்டாராம். இன்று ராத்திரிக்குள் பார்த்துச் சொல்லுங்கள்.

பிரியா: 📷

மாலா அத்தை: சரிம்மா 👍

அப்பா: வேலையில் இருக்கிறேன். என்ன முடிவோ எனக்குச் சரி.

சாந்தி சித்தி: பிரியாணியா, வாழையிலைச் சோறா? கேட்டரிங்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்.

பெரியப்பா: பிரியா, முதல் பாட்டே "என்னை இழுக்குதடி" என்று இருக்கிறதே.

தினேஷ்: ரஹ்மான் பாட்டு பெரியப்பா. செம பாட்டு.

பெரியப்பா: நல்ல பாட்டுதான் ஐயா. ஆனால் அது 2025 பொங்கலுக்கு வந்த படம். நான் கேட்டது 1964. பெயர் மட்டும்தான் ஒன்று.

பிரியா: ஐயோ 🙈 நான் படத்தின் பெயரை மட்டும் அனுப்பிவிட்டேன். வருஷம் போடவில்லை.

குமார் சித்தப்பா: 1964இல் அந்தத் தம்பியின் அப்பாவே பிறந்திருக்க மாட்டார்

பிரியா: பழைய படத்தில் எந்தெந்தப் பாட்டு வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள் பெரியப்பா. இப்போதே மாற்றச் சொல்கிறேன்.

சாந்தி சித்தி: சனிக்கிழமை அத்தை சைவம் ஆச்சே?

மாலா அத்தை: ஆமாம், அம்மாவுக்கு மட்டும் தனியாகச் சொல்லிவிடு சாந்தி

இரவு 8.40

பெரியப்பா: பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள். ஸ்ரீதர் எடுத்த படம். முழுக்க முழுக்க கலர், அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. பாட்டெல்லாம் கண்ணதாசன். அடுத்த வருஷமே, 1965இல், அந்த இரட்டையர் பிரிந்துவிட்டார்கள். கதாநாயகர்களில் ஒருவரான ரவிச்சந்திரனுக்கு அதுதான் முதல் படம். அவர் நம் கோலாலம்பூரில் பிறந்தவர். படிக்கத் திருச்சிக்குப் போய், அப்படியே சினிமாவுக்கும் போய்விட்டார்.

தினேஷ்: கே.எல். பையனா?? இத்தனை நாள் யாரும் சொல்லவே இல்லையே

மாலா அத்தை: உன் தாத்தா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். நீ காதில் இயர்போன் மாட்டியிருந்திருப்பாய்.

பெரியப்பா: இப்போது பாட்டு. மண்டபத்துக்குள் அவர்கள் நுழையும்போது "நாளாம் நாளாம் திருநாளாம்". பி.பி. ஸ்ரீனிவாஸ், சுசீலா. அம்மா, அதாவது உங்கள் பாட்டி, சமையல்கட்டில் முணுமுணுப்பது இதைத்தான். மாலை மாற்றும்போது "நெஞ்சத்தை அள்ளிக் கொஞ்சம் தா தா". யேசுதாஸ், சுசீலா, ஈஸ்வரி மூன்று பேரும் பாடியது. சாப்பிடும் நேரத்துக்கு "அனுபவம் புதுமை", "என்ன பார்வை". "விஸ்வநாதன் வேலை வேண்டும்" கட்டாயம் வேண்டும். அது எதற்கு என்று தனியாகச் சொல்கிறேன்.

குமார் சித்தப்பா: சீர்காழி பாட்டு? படத்தின் பெயரே அதில்தானே

பெரியப்பா: அது கடைசியில்.

சாந்தி சித்தி: பிரியாணி என்றால் ஒரு தலைக்கு 4 வெள்ளி கூட

தினேஷ்: அனுபவம் புதுமை இப்போதுதான் கேட்டேன். கீபோர்டில் வாசித்தும் பார்த்தேன். ஸ்பானிஷ் பாட்டு மாதிரி போகிறதே?

பெரியப்பா: சரியாகப் பிடித்தாய்! "பெசாமே முச்சோ" என்று மெக்சிகோவில் பிறந்த ஒரு பழைய பாட்டு இருக்கிறது, அதன் சாயல். ஆனால் சுசீலா குரல் வந்ததும் அது நம் ஊர்ப் பாட்டு ஆகிவிடும். நீ சனிக்கிழமை வாசிக்கிறாயா?

தினேஷ்: பார்க்கலாம் பெரியப்பா

பிரியா: பார்க்கலாம் என்றால் என்ன? பட்டியலில் போடட்டுமா, வேண்டாமா?

இரவு 9.05

பெரியப்பா: விஸ்வநாதன் பாட்டுக்கு வருகிறேன். படத்தில் பாலையாதான் விஸ்வநாதன், தோட்ட முதலாளி. ரவிச்சந்திரன் அந்தத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறார்கள். முதலாளி வீட்டு வாசலிலேயே கூடாரம் அடித்து, வேலையைத் திருப்பிக் கொடு என்று கூட்டாளிகளோடு பாடுகிறார். சென்னையில் பார்த்தவர்களுக்கு அது வெறும் வேடிக்கை. நம் அப்பா, அதாவது பிள்ளைகளின் தாத்தா, பார்த்தது கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டியபோது. திடலைத் தாண்டினால் துரை பங்களா. பால் மரம் வெட்டுகிற சனம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பாட்டு வந்ததும் மொத்தத் திடலும் பங்களா பக்கம் திரும்பிக் கைதட்டியதாம். இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குமார் சித்தப்பா: மறுநாள் காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் மண்டோர் (கங்காணி) யார் கைதட்டியது என்று கேட்டாராம். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

மாலா அத்தை: துணிக்குப் பின்னால் உட்கார்ந்த கதையையும் சொல்லுங்கள் அண்ணே

பெரியப்பா: அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அது 1965, கல்யாணத்துக்கு முந்தின வருஷம். நிச்சயம் ஆகியிருந்தது, ஆனால் பேசக்கூடாது. அம்மா பெண்கள் பக்கம் முதல் வரிசையில், பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா எழுந்து போய்த் துணிக்குப் பின்னால், ஓரமாக உட்கார்ந்துகொண்டார். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம் வலம் மாறித் தெரியும். ரவிச்சந்திரன் வகிடு அந்தப் பக்கம் இருக்கும், எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி ஓடும். ஆனால் துணியில் விழுந்த வெளிச்சம் முன்வரிசை முகங்களில் பட்டுத் தெறிக்கும். பாட்டுக்குப் பாட்டு நிறம் மாறும். அப்பா படத்தைவிட அதைத்தான் பார்த்தாராம். நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் இடத்தில் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது என்பார்.

பிரியா: 😭😭

பிரியா: பெரியப்பா, இதை மேடையில் நீங்களே சொல்லுங்கள். ஐந்து நிமிஷம்.

குமார் சித்தப்பா: ஐந்து நிமிஷமா? அண்ணனா? 😄

சாந்தி சித்தி: சோறு ஆறிவிடும்

இரவு 9.31

மாலா அத்தை: "உங்க பொன்னான கைகள் புண்ணாகலாமா" பட்டியலில் இல்லையே.

பெரியப்பா: அது பெண்ணைக் கிண்டல் செய்கிற பாட்டு. பெரியவர்கள் விழாவுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

மாலா அத்தை: எனக்கு அது வேண்டும் அண்ணே.

மாலா அத்தை: பிரியா, தினேஷ், உங்களுக்குத் தெரியாது. நான் உங்கள் மாமாவைக் கட்டிக்கொண்டு பட்டர்வொர்த் போனபோது இரண்டு வருஷம் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. 1996இல் கைக்குழந்தையோடு செந்தூல் வீட்டுக்கு வந்தேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. பிள்ளையை அம்மா மடியில் போட்டுவிட்டு, நேராகப் பின்கட்டுக்குப் போய்ச் சட்டி தேய்க்க உட்கார்ந்துவிட்டேன். கரி பிடித்த சட்டி, கை எரிந்தது. உள்ளே டேப் ரெக்கார்டரில் பட்டன் அமுக்குகிற சத்தம் கேட்டது. கேசட் முன்னும் பின்னும் ஓடியது. அப்பா அந்தப் பாட்டைத் தேடியிருக்கிறார். கண்டுபிடித்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சட்டியை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

சாந்தி சித்தி: அண்ணி ❤️

பிரியா: அத்தை, இது தெரியவே தெரியாது

குமார் சித்தப்பா: அன்றைக்குக் கேட் திறந்தது நான்தான்

மாலா அத்தை: தெரியும்டா. நீதான் திறந்தாய். யார் வேண்டாம் என்றது என்பதும் தெரியும்.

இரவு 9.58

பெரியப்பா: சேர்த்துக்கொள் பிரியா. மாலா சொன்ன பாட்டை.

பெரியப்பா: மாலா, சனிக்கிழமை இரயிலா காடியா?

மாலா அத்தை: காலை இரயில். கே.எல். சென்ட்ரலுக்கு யாராவது வந்தால் நல்லது.

பெரியப்பா: நானே வருகிறேன்.

தினேஷ்: அந்தக் கேசட் இப்போது யாரிடம் இருக்கிறது?

மாலா அத்தை: அதைக் கேட்கத்தான் எனக்கும் ஆசை. வீடு மாறியபோது காணாமல் போனது.

குமார் சித்தப்பா: எல்லாரும் என்னையே பார்ப்பது தெரிகிறது. இருங்கள்.

பிரியா: தம்பியிடம் 7 பாட்டு அனுப்பிவிட்டேன், 1964 என்று கொட்டை எழுத்தில் போட்டு. வரவேற்புக்கு "நாளாம் நாளாம்" என்று எழுதியிருக்கிறேன். மாற்ற வேண்டுமா?

குமார் சித்தப்பா: என் ஓட்டு விஸ்வநாதனுக்கு. தாத்தா கைதட்டிக்கொண்டே நுழைவார்.

பெரியப்பா: பாட்டிக்கு நடை தளர்ந்துவிட்டது குமாரு. வேகப் பாட்டுக்கு நடக்கச் சொல்லாதே.

தினேஷ்: ரஹ்மான் பாட்டு ஒன்று இருக்கட்டுமே, எங்களுக்கு 🙏

பெரியப்பா: கேக் வெட்டியபிறகு ஒன்று. பார்க்கலாம்.

இரவு 10.26

குமார் சித்தப்பா: 📷

குமார் சித்தப்பா: கிடைத்தது. சாந்தியின் தையல் பெட்டிக்குள் இருந்தது.

சாந்தி சித்தி: நான் வைக்கவில்லை!!

குமார் சித்தப்பா: நாடா வெளியே தொங்கியது. பென்சில் விட்டுச் சுற்றி உள்ளே தள்ளிவிட்டேன். லேபிளில் அப்பா கையெழுத்து, நீல மை. ஒவ்வொரு பாட்டுக்கும் எண் போட்டிருக்கிறார். "பொன்னான கைகள்" பக்கத்தில் மட்டும் ஒரு புள்ளி.

மாலா அத்தை: இன்னொரு தடவை போட்டோ எடு. கிட்டத்தில்.

குமார் சித்தப்பா: 📷

பெரியப்பா: பிளேயர் யாரிடமாவது இருக்கிறதா?

அப்பா: இப்போதுதான் எல்லாம் படித்தேன். இங்கே ஆபீஸ் பழைய சாமான் அறையில் ஒன்று கிடந்தது. ஓடுமா என்று தெரியாது. நாளைக்குப் பார்க்கிறேன்.

மாலா அத்தை: ஓடாவிட்டாலும் கேசட்டைக் கொண்டு வா குமாரு. அப்பா கையில் கொடுக்க வேண்டும்.

சாந்தி சித்தி: பிரியாணியா வாழையிலையா? யாராவது ஒருவர் பதில் சொல்லுங்கள்.