மறுமொழி: ‘ஹுவேகான்’ – மீளினிப்பா, நெல்லியினிப்பா, ஊறினிப்பா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தேநீர்க் கலைச்சொல் பட்டியலுக்காக, தேநீரை விழுங்கிய பிறகு வரும் இனிமையைச் சீனர்கள் சொல்லும் ‘ஹுவேகான்’ என்ற சொல்லுக்குத் தமிழில் பெயர் தேடி நான்கு நாட்களாக வந்த மடல்களை இன்று காலைதான் ஒருசேர உட்கார்ந்து படித்தேன். நான் முன்வைத்த ‘ஊறினிப்பு’ மீது புதுச்சேரி அம்மா எழுப்பிய மறுப்பு சரியானது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்கு மாற்றாக எனக்குத் தோன்றுவதைக் கீழே எழுதியிருக்கிறேன். ஆனால் எந்தப் பொருளுக்குப் பெயர் தேடுகிறோம் என்பதிலேயே மடல்கள் ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன. அதைத் தீர்க்காமல் சொல்லுக்குப் போக முடியாது.

> சீனத்தில் ‘ஹுவே’ என்றால் திரும்புதல், ‘கான்’ என்றால் இனிப்பு. மீள் + இனிப்பு = மீளினிப்பு. இதற்கு மேல் என்ன விவாதம் இருக்கிறது?

எழுத்துக்கு எழுத்து வைத்துப் பார்த்தால் ஐயா சொல்வது சரிதான். எனக்கு உறுத்துவது ‘மீள்’. தமிழில் போன ஒன்றுதான் மீளும். மீள்குடியேற்றம் என்றால் முன்பு குடியிருந்தவர்கள் திரும்பி வருகிறார்கள். பச்சைத் தேநீரில் முதல் வாயில் அந்த இனிப்பு இருப்பதில்லை. வராத ஒன்று எப்படி மீளும்? சீனர் காதில் ‘ஹுவே’ என்பதில் திரும்புதலோடு, கசப்பு மடங்கி வேறொன்றாகத் திரும்பும் சாயலும் கேட்கிறது. நம் ‘மீள்’ அந்தச் சாயலைத் தாங்குவதில்லை.

நான் சீனாவின் ஹாங்சோ நகரில் வேலை பார்த்த இரண்டு ஆண்டுகளில் இந்தச் சொல்லை முதலில் கேட்டது மெய்ஜியாவூ என்ற ஊரில். மேற்கு ஏரிக்குப் பின்னால் உள்ள மலைகளுக்கு நடுவே இருக்கிறது. லோங்ஜிங் என்ற பச்சைத் தேயிலை விளையும் ஊர்களில் அதுவும் ஒன்று. ஏப்ரல் முதல் வாரம். சிங்மிங் என்ற நீத்தார் நாளுக்கு முன் பறித்த கொழுந்துக்குத்தான் அங்கே மதிப்பு அதிகம் என்பதால் ஊரே விழித்திருந்தது. வீட்டு வாசல்களில் மின்சாரத்தில் சூடாகும் அகன்ற வாணலிகள். அதில் ஒரு பெரியவர் வெறுங்கையால் இலையை அழுத்துவதும் தள்ளுவதும் வாரித் தூக்கிப் போடுவதுமாக இருந்தார். லோங்ஜிங் இலை தட்டையாக இருப்பது அந்த அழுத்தத்தால்தான். அவர் வீட்டம்மா ஓர் உயரமான கண்ணாடித் தம்ளரில் இலையைப் போட்டு நீர் ஊற்றிக் கொடுத்தார். நான் நம் ஊர் டீ குடிக்கிற வேகத்தில் குடித்தேன். வறுத்த பயறு வாசனை, மெல்லிய கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு. அவ்வளவுதான் என்று தம்ளரைக் கீழே வைக்கப் போனபோது அந்த அம்மா பொறு என்பதுபோல் கையைக் காட்டினார். பிறகு தன் தொண்டையைத் தொட்டு “ஹுவேகான்” என்றார். அரை நிமிடம் ஆகியிருக்கும். நாக்கின் அடியிலிருந்து நீர் ஊறி வந்தது. அந்த நீர் இனித்தது.

நாம் பெயர் வைக்க வேண்டியது அந்த அரை நிமிடத்துக்குப் பிறகு வந்ததற்கு.

அதனால் ‘பின்சுவை’ போதும் என்ற கருத்தை நான் ஏற்கவில்லை. பின்சுவை நல்ல சொல். ஆனால் அது பொதுச்சொல். மாத்திரை விழுங்கிய பிறகும் ஒரு பின்சுவை இருக்கிறது. அதை அந்தப் பொதுப்பொருளுக்கே விட்டுவைப்போம். ‘பின்னினிப்பு’ என்று அதைத் திருத்தினாலும் பாயசம் குடித்த பிறகு நாக்கில் ஒட்டியிருக்கும் வெல்லமும் அதற்குள் வந்துவிடும். ஹுவேகானுக்கு முன்னால் கசப்போ துவர்ப்போ இருந்தே ஆக வேண்டும். 8ஆம் நூற்றாண்டில் தேயிலைக்கென்றே நூல் எழுதிய லூ யூ, உறிஞ்சும்போது கசந்து விழுங்கும்போது இனிப்பது எதுவோ அதுவே தேநீர் என்கிறார். இத்தனைக்கும் அவர் குடித்தது நாம் பேசும் உதிரி இலைத் தேநீர் அல்ல. அழுத்திய கட்டியைப் பொடித்துக் கொதிக்க வைத்த தேநீர். அரண்மனைக்குக் கட்டியாக வேண்டாம், உதிரி இலையாகவே அனுப்புங்கள் என்று மிங் அரசின் முதல் பேரரசர் ஆணையிட்டது 1391இல்தான். தயாரிக்கும் முறை அடியோடு மாறியும் இந்த ஒரு சுவைக் குறிப்பு நிலைத்திருக்கிறது.

இனி ‘கான்’. சீனத்தில் சர்க்கரை இனிப்பைச் சொல்ல இன்று வழங்குவது ‘தியான்’ என்ற வேறு சொல். ‘கான்’ பழையது. அந்த எழுத்தே வாய்க்குள் எதையோ அடக்கி வைத்திருப்பதைக் காட்டும் படத்திலிருந்து வந்தது. அதிமதுரத்துக்கு அவர்கள் பெயர் ‘கான்சாவோ’, அதாவது கான் சுவையுள்ள புல். அவர்கள் மருத்துவம் சொல்லும் ஐந்து சுவைகளில் ஒன்று இந்தக் கான். அந்த ஐந்தில் துவர்ப்புக்குத் தனி இடம் இல்லை. நம் அறுசுவையில் இருக்கிறது. தேநீரைப் பற்றிப் பேச இது நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. துவர்ப்பு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் நம்மில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கலைச்சொல் பட்டியலில் நாம் எதுவும் செய்யாமலே கிடைத்த சொல் அது.

> இதற்கு ஏன் இத்தனை சிரமம்? நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் வருமே, அதேதான். நெல்லியினிப்பு என்று வைத்துவிடலாம்.

கோவையில் சித்த மருத்துவம் படிக்கும் தங்கையின் இந்த மடலைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. காரணம், சீனர்கள் நெல்லிக்காய்க்கு வைத்திருக்கும் பெயர் ‘யூகான்சு’. எஞ்சி நிற்கும் கான் உள்ள காய் என்று பொருள். தேநீரில் வரும் அதே கான்! இரண்டு ஊர்க்காரர்களும் ஒரே காயைக் கடித்து ஒரே இடத்தில் நின்று வியந்திருக்கிறார்கள். அதியமான் கொடுத்த நெல்லியை ஔவையார் ‘தீங்கனி’ என்று பாடுகிறார். வாயில் போட்டதும் புளித்துத் துவர்க்கும் ஒன்றை இனிய கனி என்று சொல்வதற்கு அந்தப் பிந்தி வரும் இனிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டுமே.

இவ்வளவு பொருந்தியும் ‘நெல்லியினிப்பு’ வேண்டாம் என்றே சொல்வேன். சுவைக்குறிப்பில் ஒரு காயின் பெயர் வந்தால் படிப்பவர் அந்தக் காயைத் தேடுவார். ‘இந்தத் தேநீரில் நெல்லியினிப்பு அதிகம்’ என்று எழுதினால் புளிப்பை எதிர்பார்த்துக் குடிப்பார்கள். பச்சைத் தேநீரில் புளிப்பு இருந்தால் அது குறை. நெல்லி விளக்கத்தில் இருக்கட்டும், தலைச்சொல்லில் வேண்டாம்.

ஆனால் அந்த மடல்தான் எனக்கு ஒன்றைத் தெளிவாக்கியது. நெல்லிக்காய்க்குப் பிறகு நாம் தண்ணீர் குடிக்கிறோம். தேநீருக்குப் பிறகு யாரும் தண்ணீர் தேடுவதில்லை. எச்சிலே அந்தத் தண்ணீர். துவர்ப்பு என்பதே தேநீரில் உள்ள பாலிஃபீனால்கள் என்ற வேதிப்பொருள்கள் எச்சிலின் புரதங்களோடு கட்டிக்கொள்வதால் வருவது. வாயின் வழவழப்பு போய் நாக்கு சொரசொரக்கிறது. பிறகு புது நீர் ஊறுகிறது. அது ஊற ஊறத்தான் நான் இனிப்பை உணர்கிறேன். சீனர்களும் ஹுவேகானைத் தனியாகச் சொல்வதைவிட, வாயில் நீர் சுரத்தல் என்று பொருள்படும் ‘ஷெங்ஜின்’ என்ற சொல்லோடு இணைத்தே பெரும்பாலும் சொல்கிறார்கள். ‘ஊறு’ என்ற வினையை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது இதனால்தான்.

> ‘இனிப்பு’ என்றால் இன்று கடைப் பண்டம். ‘ஊறினிப்பு’ என்றதும் எனக்கு ஜீராவில் ஊறிய குலாப் ஜாமுன்தான் கண்ணில் வந்தது.

புதுச்சேரி அம்மாவின் இந்த மறுப்புக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வீட்டில் இரண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தேன். இருவருமே ரசகுல்லாவா என்றுதான் கேட்டார்கள். சொல்லைக் கேட்டவுடன் தவறான பொருள் முந்திக்கொண்டு வந்தால் அது கலைச்சொல்லாக நிற்காது.

ஆகவே ‘ஊறினிமை’ என்று மாற்றலாமா? இனிமை எந்தத் தட்டிலும் வைத்து விற்கப்படுவதில்லை. குரலும் இனிமை, காற்றும் இனிமை, பேச்சும் இனிமை என்பதால் இது சுவைக்குப் பொருந்தாது என்று ஒருவர் சொல்லக்கூடும். எனக்கு அதுவே பொருத்தமாகப் படுகிறது. கானும் சர்க்கரை அல்ல. ஹுவேகானை முதன்முதலாக உணர்பவர் இது இனிப்புதானா என்று சற்றுத் தயங்குவார். அந்தத் தயக்கத்துக்கு ‘இனிமை’யில் இடம் இருக்கிறது, ‘இனிப்பு’ என்பதில் இல்லை.

இலக்கணமும் உதவுகிறது. ஊறு + இனிமை வினைத்தொகை. ஊறிய, ஊறுகின்ற, ஊறும் என்று முக்காலத்தையும் அடக்கும். விழுங்கிய பிறகும் கூடிக்கொண்டே போகும் ஒரு சுவைக்கு இதைவிடப் பொருந்தும் கட்டமைப்பு எனக்குத் தெரியவில்லை. ‘ஊறு’ என்றால் தீங்கு என்றும் பொருள் உண்டே என்று திருநெல்வேலி ஐயா எழுதியிருந்தார். உண்டு. ஆனால் அதே வினைத்தொகையில் அமைந்த ஊறுகாயை நாம் தினமும் இலையில் வைத்துக்கொள்கிறோம். யாருக்கும் தீங்கு நினைவுக்கு வருவதில்லை.

வாக்கியத்தில் போட்டுப் பார்க்கிறேன். ‘முதல் நீரில் துவர்ப்பு தூக்கல், இரண்டாம் நீரில் ஊறினிமை நன்றாக எழுகிறது.’ ‘மணம் சரி, ஆனால் ஊறினிமை இல்லை, பழைய இலையாக இருக்கலாம்.’ எனக்கு இவை இயல்பாகவே ஒலிக்கின்றன. (ஒரே இலையில் மறுபடி மறுபடி நீர் ஊற்றுவதை ‘முதல் நீர், இரண்டாம் நீர்’ என்று எழுதியிருக்கிறேன். தேங்காய்க்கு முதல் பால், இரண்டாம் பால் என்பதுபோல. இதற்குத் தனி விவாதம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.) ‘ஷாச்சிங்’ என்ற படிக்கு, அதாவது இலை கறுத்துவிடாதபடி வாணலியில் போட்டுச் சூட்டால் நொதியைச் செயலிழக்க வைப்பதற்கு, ‘பச்சைக் கொலை’ என்ற நேர் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு ‘பச்சை போக்கல்’ என்று நாம் முடிவெடுத்தபோதும் இப்படித்தான் செய்தோம். பச்சை வாசனை போகும் வரை வதக்கு என்று அடுக்களையில் சொல்வதிலிருந்து எடுத்தோம். அந்தச் சொல் நிலைத்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

> நான் ஐந்து நிமிடம் கொதிக்க வைத்துக் குடித்தேன். வெறும் கசப்பு. நீங்கள் எல்லோரும் இல்லாத ஒன்றுக்குப் பெயர் வைக்கிறீர்களோ என்று ஐயமாக இருக்கிறது.

ஐயா, பச்சைத் தேயிலையை அடுப்பில் கொதிக்க விடாதீர்கள். நீர் எவ்வளவு சூடோ அவ்வளவுக்குக் கசப்பும் துவர்ப்பும் தரும் கேட்டெக்கின்கள் அதிகமாக இறங்கும். குழைவான சுவை தரும் தியானின் அதைவிடக் குறைந்த சூட்டிலேயே இறங்கிவிடும். கசப்பு மிதமாக இருந்தால்தான் விலகும், விலகினால்தான் பின்னால் வருவது தெரியும். 3 கிராம் இலை, 150 மில்லி நீர், சூடு 80 டிகிரி அளவில். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த நீரைக் குளிர்ந்த எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றிச் சற்று ஆறவிடுங்கள். கண்ணாடித் தம்ளர் போதும், மூட வேண்டாம். இரண்டு நிமிடம். முழுவதும் குடித்துவிடாமல் மூன்றில் ஒரு பங்கை அடியில் விட்டு, அதன் மேலேயே அடுத்த நீரை ஊற்றுங்கள். தம்ளரில் குடிக்கும் சீனர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சுவை திடீரென்று நீர்த்துப் போகாது. பீலோசுன் போன்ற மென்மையான சுருள் கொழுந்து கிடைத்தால் முதலில் நீரை ஊற்றிவிட்டு அதன் மேல் இலையைத் தூவுங்கள். இலை தானாகவே கீழே இறங்குவதைப் பார்ப்பது தனி இன்பம்.

விழுங்கிய பிறகு ஒரு நிமிடம் எதுவும் சாப்பிடாமல், பேசாமல் இருங்கள். பச்சைத் தேநீரில் இது மெல்லியதாகத்தான் வரும். புவெர், வூயி மலைத் தேநீர் போன்ற வேறு சீனத் தேநீர் வகைகளைக் குடிப்பவர்கள் ஹுவேகானைப் பற்றி இன்னும் அழுத்தமாகப் பேசுவார்கள். ஒருமுறை உரக்கவே தெரிய வேண்டும் என்றால் ‘கூடிங்’ இலையைப் பாருங்கள். அது தேயிலைச் செடியே அல்ல, வேறொரு மரத்தின் இலை. வேப்பிலை நினைவுக்கு வருகிற கசப்பு, அதற்குப் பின்னால் தவறவே முடியாத இனிமை.

சரி, பட்டியலுக்கான பதிவை இப்படி வரைந்திருக்கிறேன்:

ஊறினிமை: தேநீரை விழுங்கியபின், கசப்போ துவர்ப்போ விலகும்போது நாவடியிலும் தொண்டையிலும் எச்சில் ஊறுவதோடு மெல்ல எழும் இனிமை. நெல்லிக்காய் தின்று நீர் அருந்தியபின் உணர்வதை ஒத்தது. சர்க்கரை சேர்த்ததால் வரும் இனிப்பைக் குறிக்காது. சீன வழக்கு: ஹுவேகான். ஒப்பிடுக: பின்சுவை.

‘நாவடி’ எல்லோருக்கும் புரியுமா, ‘நாக்கின் அடி’ என்றே எழுதிவிடலாமா என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. புதுச்சேரி அம்மாவும் கோவைத் தங்கையும் பார்த்துச் சொன்ன பிறகு பட்டியலில் சேர்க்கிறேன்.

அன்புடன்.