எண்ணெய் கொப்பளிப்பும் கடைவாய்ப் பல்லும்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

மல்லிகா அத்தை (காலை 6:42)
அனைவருக்கும் வணக்கம். ஒரு மாதமாக விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் கொப்பளித்து வருகிறேன். பல் துலக்கும்போது ஈறிலிருந்து கசிந்துகொண்டிருந்த இரத்தம் இப்போது நின்றுவிட்டது. இடது கடைவாய்ப் பல்லில் இருக்கும் வலிக்கும் இதையே தொடர்ந்தால் போதும், மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பெரியப்பா (6:55)
மிகவும் மகிழ்ச்சி மல்லிகா. நம் அம்மா செக்கு நல்லெண்ணெயைக் கொப்பளித்துவிட்டு வேப்பமரத்தடியில் துப்பியதை நீயும் பார்த்திருக்கிறாய். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதையில், சூத்திரஸ்தானம் என்ற பகுதியின் ஐந்தாம் அத்தியாயத்தில், அன்றாடம் செய்ய வேண்டியவற்றுள் ஒன்றாக இது வருகிறது: தாடை வலுப்படும், குரல் உறுதிப்படும், உதடு வெடிக்காது, தொண்டை வறளாது, புளிப்புப் பட்டாலும் பல் கூசாது, கடினமானதையும் மென்று தின்னலாம் என்று அடுக்கிக்கொண்டே போகிறது. வாய் கொள்ளுமளவு நிரப்பி அசைக்காமல் வைத்திருப்பது கண்டூஷம். அசைத்துக் கொப்பளிக்க இடம் விட்டு, குறைவாக எடுத்துக்கொள்வது கவளம். நீ செய்வது கவளம்.

தேவி அக்கா (7:10)
அத்தை, ஈறில் இரத்தம் நின்றதை நான் முழுமையாக நம்புகிறேன். சென்னையில் பல் மருத்துவ ஆய்வாளர்கள் 20 வளரிளம் பருவத்துச் சிறுவர்களிடம் நல்லெண்ணெய்க் கொப்பளிப்பையும், பல் மருத்துவர்களான நாங்கள் எழுதிக்கொடுக்கும் குளோர்ஹெக்சிடின் வாய்க்கழுவியையும் ஒப்பிட்டு 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கட்டுரைகள் வெளியிட்டார்கள். எண்ணெய் கொப்பளித்தவர்களுக்கும் பல்லில் படியும் படலமும் ஈறு வீக்கமும் குறைந்தன. இருபது பேர் மிகச் சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் பாட்டி செய்தது வீணல்ல என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கடைவாய்ப் பல் வலி வேறு விஷயம் அத்தை. எண்ணெய் பல்லின் மேற்பரப்பையும் ஈறின் ஓரத்தையும்தான் தொடும். சொத்தை பல்லுக்குள் இறங்கி நரம்பை எட்டிவிட்டால், எத்தனை நாள் கொப்பளித்தாலும் அங்கே போய்ச் சேராது. சென்ற ஆண்டு என்னிடம் வந்த ஒருவர் இரண்டு மாதம் கிராம்பும் எண்ணெயுமாகச் சமாளித்துவிட்டு, கண்ணுக்குக் கீழ் வரை கன்னம் வீங்கிய பிறகே வந்தார். சீழை வெளியேற்றிய பிறகும் அந்தப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

மல்லிகா அத்தை (7:18)
துப்பும்போது எண்ணெய் பால்போல வெளுத்து வருகிறதே தேவி, அது உடம்பிலுள்ள நச்சு வெளியேறுவதால்தான் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

தேவி அக்கா (7:24)
அது நச்சல்ல, அத்தை. ஒரு கண்ணாடிப் புட்டியில் எண்ணெயும் தண்ணீரும் ஊற்றி நன்றாகக் குலுக்கிப் பாருங்கள். சற்று நேரத்துக்கு அதுவும் வெளுத்துக் கலங்கி நிற்கும். வாயில் உமிழ்நீருடன் எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதால் வரும் நிறம் அது. சூரியகாந்தி எண்ணெயைக் கொப்பளித்தால் தீராத நோயே இல்லை என்று 1990களில் ஒரு பேச்சு ஊரெங்கும் பரவியது. இந்த நச்சுக் கதையும் அத்துடன் சேர்ந்தே வந்தது. நோயாளிகள் இதை நம்பி இரத்தச் சர்க்கரைக்கான மாத்திரையை நிறுத்திவிடும்போது எனக்கு மிகுந்த வேதனையாக இருக்கிறது.

செந்தில் (7:31)
அக்கா, என் மகளுக்கு நான்கு வயது. அத்தையைப் பார்த்து அவளும் கேட்கிறாள். கொடுக்கலாமா? இன்னொன்று, மாடியில் வாஷ்பேசின் குழாய் இரண்டு முறை அடைத்துவிட்டது.

பெரியப்பா (7:36)
ஐந்து வயதுக்குக் கீழே கவளம் கூடாது என்று இன்னொரு ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயமே சொல்கிறது, செந்தில்.

தேவி அக்கா (7:41)
பெரியப்பா சொன்னது இன்றைக்கும் பொருந்தும். துப்பத் தெரியாத குழந்தை விழுங்கிவிடும், அல்லது புரையேறிவிடும். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது ஒருவகை நிமோனியாவையே உண்டாக்கும். பக்கவாதம் வந்த பிறகு தண்ணீர் குடித்தாலே இருமுகிற சின்னத் தாத்தாவுக்கும் தயவுசெய்து யாரும் கொடுக்க வேண்டாம். எண்ணெயைப் பழைய செய்தித்தாளில் துப்பிக் குப்பையில் போடுங்கள், குழாய் அடைக்காது.

அத்தை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் அந்தப் பல் கூசி உடனே அடங்கிவிடுகிறதா, வெகுநேரம் நீடிக்கிறதா?

மல்லிகா அத்தை (7:50)
தண்ணீரை விழுங்கி ஐந்து நிமிடம் ஆனாலும் விண்விண் என்று தெறிக்கிறது. இரவில் படுத்தால் இன்னும் அதிகம்; நேற்று தலையணையை உயர்த்தி வைத்து, உட்கார்ந்தபடியேதான் தூங்கினேன்.

தேவி அக்கா (7:52)
அப்படியானால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாம். இப்போதே வந்தால் வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்ற முடியும் என்று நம்புகிறேன். இன்று பத்து மணிக்கு வர முடியுமா?

மல்லிகா அத்தை (7:58)
செந்தில் வண்டியில் அழைத்து வருவதாகச் சொல்கிறான், வந்துவிடுகிறேன். நல்லெண்ணெயை நிறுத்திவிட வேண்டுமா தேவி?

தேவி அக்கா (8:01)
வேண்டாம் அத்தை, அது உங்கள் ஈறுக்கு நல்லது செய்கிறது. கொப்பளித்து முடித்ததும் ஃப்ளூரைடு கலந்த பற்பசையால் துலக்கிவிடுங்கள். சொத்தை வராமல் தடுக்க ஃப்ளூரைடு செய்கிற வேலையை எண்ணெய் செய்யாது. வரும்போது நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.